30 டிகிரி அறையில் 330 எப்படி வரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஒலியின் வேகத்தை அளந்த மாணவர், விநாடிக்கு 330 மீட்டர் என்று பதிவேட்டில் எழுதிவந்தால் பாடநூல் எண்ணை நினைத்துக்கொண்டு உடனே சரி போட்டுவிடுகிறோம். ஆனால் பாடநூலின் அந்த எண், இன்னும் சரியாகச் சொன்னால் 331, 0 டிகிரி செல்சியஸ் காற்றுக்கு உரியது. டிகிரிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். அறை 30 டிகிரியில் இருந்தால் 349 வர வேண்டும்.

அப்படியானால் அந்த 330? நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி உள்ளிருக்கும் காற்றின் நீளத்தை மாற்றும் ஒத்ததிர்வுக் குழாயில், ஒலி முதன்முதலாக உரக்கக் கேட்கும் இடத்தோடு, அதாவது முதல் ஒத்ததிர்வோடு, நிறுத்திக்கொள்வதால் வருவது. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவைக்கு, 3 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயில் 16.1 செ.மீ. அருகே ஒலி உரக்கக் கேட்கும். அதைக் கால் அலைநீளம் என்று கொண்டு, நான்காலும் அதிர்வெண்ணாலும் பெருக்கினால் 330. ஆனால் அதிரும் காற்று குழாயின் வாயோடு நிற்பதில்லை, விட்டத்தில் 0.3 பங்கு, இங்கே 0.9 செ.மீ., வெளியேயும் நீள்கிறது. இந்த முனைத் திருத்தத்தை விட்ட பிழை, பாடநூல் எண்ணோடு தற்செயலாக ஒத்துப்போய் ஒளிந்துகொள்கிறது. தப்பான விடையைவிட ஆபத்தானது இது.

நீர்மட்டத்தை இன்னும் இறக்கி, 50.2 செ.மீ. அருகே இரண்டாம் ஒத்ததிர்வையும் பிடிக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 34.1 செ.மீ. அதுதான் அரை அலைநீளம். முனைத் திருத்தம் தானே கழிந்துவிடும். 2 × 512 × 0.341 = 349. 256 ஹெர்ட்ஸ் கவை இதற்கு உதவாது. அதன் இரண்டாம் இடம் ஒரு மீட்டர் குழாய்க்குள் அடங்காது.

கவையை மேசை விளிம்பில் தட்டினால் மேற்சுரங்கள் கலந்து காதைக் குழப்பும். ரப்பர் அட்டையில் தட்டி, குழாயின் வாயைத் தொடாமல், புயங்கள் மேலும் கீழுமாக அதிரும்படி பிடிக்க வேண்டும். நீர் இறங்கும்போது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை குறித்துச் சராசரி எடுக்கலாம். வெப்பமானி குழாய்க்குள் தொங்கட்டும். நீரை ஒட்டிய காற்று அறையைவிடக் குளிர்ந்திருக்கக்கூடும். செய்முறை மதிப்பெண்ணில் ஒரு பங்கை அந்த வெப்பநிலைப் பதிவுக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

குழாய் இல்லையென்றால் 50 மீட்டர் தொலைவில் ஒரு பெரிய சுவர் போதும். எதிரொலி 0.29 விநாடியில் திரும்பிவிடும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் கைக்கே ஏறக்குறைய 0.2 விநாடி தாமதம் உண்டு. ஆகவே ஒற்றை எதிரொலியை அளப்பது வீண். எதிரொலி வந்து சேரும் அதே நொடியில் அடுத்த தட்டு விழும்படி தாளமாகக் கைதட்டி, 20 இடைவெளிகளுக்கு நேரம் பார்க்க வேண்டும். சுமார் 5.7 விநாடி வரும். கடிகாரத்தை முடுக்கும் தட்டை 'சுழி' என்று எண்ணத் தொடங்குவது முக்கியம். 'ஒன்று' என்று தொடங்கினால் இருப்பது 19 இடைவெளிதான். விடை 367-க்குத் தாவிவிடும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்