பிரஷர் குறைந்தது சரி, எதனால் குறைந்தது? முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்து முகாம் அமைப்பாளர்களுக்கும் சுகாதார அலுவலர்களுக்கும் வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டையிலும் ஏற்காட்டு மலை ஊர்களிலும் நீங்கள் முகாம் போடுவதால்தான் பலருக்குத் தமக்கு பிரஷர் இருப்பதே தெரிய வருகிறது. என் சண்டை உங்கள் முகாம் அறிக்கையின் கடைசி வரியோடுதான்: “முகாமுக்கு வந்தவர்களுக்கு மூன்று மாதத்தில் ரத்த அழுத்தம் குறைந்தது.”

160-க்கு மேல் காட்டியவர்களை மட்டும் பொறுக்கி மறுபடி அளந்தால், மருந்தே கொடுக்காவிட்டாலும் சராசரி இறங்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தவர், டாக்டரைக் கண்டு பதறியவர் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அடுத்த முறை தம் வழக்கமான அளவுக்கு வந்துவிடுவார்கள். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கி இறங்குவார்கள் என்று 1886-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் சொன்ன அதே சங்கதி.

அப்புறம், வருகிறவர்கள் யார்? கொலுசுப் பட்டறைத் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டு வருவாரா? காபிப் பழம் பறிக்கும் சீசனில் மலையில் யார் வருவார்? வருகிறவர் பெரும்பாலும் உடம்பின் மேல் முன்பே அக்கறை உள்ளவர். வயது, வருமானத்தைக் கணக்கில் சரிக்கட்டலாம் என்பீர்கள். படிவத்தில் எழுதியதைத்தான் சரிக்கட்ட முடியும். அக்கறைக்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது?

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் மாரடைப்பு கூடியிருந்தது. 2002-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். வசதியும் படிப்பும் உள்ள பெண்களே அதிகம் மாத்திரை வாங்கியது அந்தப் பழைய நற்பெயருக்கு ஒரு காரணம்.

யாருக்கும் சிகிச்சையை மறுக்கச் சொல்லவில்லை. ஒரு வண்டி, ஒரு குழுவை வைத்துக்கொண்டு நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதத்தில் போக முடியாது. எப்படியும் வரிசை உண்டு. அந்த வரிசையைச் சிபாரிசும் தார்ச்சாலையும் தீர்மானிக்காமல், சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் 1986 முதல் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை இப்படித்தான் படிப்படியாகக் கொண்டுபோனார்கள். முறை வராத ஊர்தான் ஒப்பிட்டுப் பார்க்கும் ஊர். அங்கேயும் அதே மாதத்தில் வீடு வீடாக அளக்க வேண்டும், முகாமுக்கு வராதவர்களையும் சேர்த்து. ஆபத்தான அளவு இருப்பவரை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அதில் ஆராய்ச்சிக்காகக் காத்திருப்பது பாவம்.

ஊர்கள் குறைவாக இருந்தால் விடை தெளிவாக வராது. ஆகவே மலை ஊர்களோடு அடிவாரத்து ஊர்களையும் சேர்த்து, அடுத்த சுற்றுக்குப் பட்டியல் போடும் முன்பே குலுக்கலை நடத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
சேலத்துப் புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்