எண்ணெய் கொட்டிய பிறகு பேராசிரியரைத் தேடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலில் எண்ணெய் கொட்டினால் எப்படிச் சமாளிப்பது என்று கடலோரக் காவல்படை நடத்திய ஒத்திகையைப் படங்களோடு வெளியிட்டிருந்தீர்கள். கப்பல், ஹெலிகாப்டர், எண்ணெயைச் சுற்றி வளைக்கும் மிதவை வேலி எல்லாம் இருந்தன, நல்ல விஷயம். ஆனால் செய்தி முழுக்கத் தேடியும் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்கூடக் கண்ணில் படவில்லை. அது மனதை உறுத்தியதால்தான் எழுதுகிறேன். கொடைக்கானல்காரிக்குக் கடல் விவகாரம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். எங்கள் மலையில் நடந்த ஒன்றுதான் என்னை எழுத வைக்கிறது, அதற்கும் வருகிறேன்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவே இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அப்புறம் எர்ணாவூர் கரையில் கருப்பாக ஒதுங்க ஆரம்பித்ததும் உறிஞ்சும் இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள், அவை திணறின, கடைசியில் மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் பாறை மேல் வரிசையாக நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். அந்தப் படங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். இயந்திரம் ஏன் திணறியது? கொட்டியது கப்பல் எஞ்சினுக்குப் போடும் ஃபர்னஸ் ஆயில். பெட்ரோல் மாதிரி அது காற்றில் ஆவியாகிப் போய்விடாது. அலை அடிக்க அடிக்கத் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொண்டு மூன்று நான்கு மடங்கு பெருத்து, கிளறி இறக்கிய அல்வா போலக் கெட்டியாகிவிடும். மெல்லிய எண்ணெய்க்கென்று செய்த பம்பு அதை எப்படி இழுக்கும்? எந்த எண்ணெய், எத்தனை மணி நேரத்தில் எப்படி மாறும் என்பதையே வேலையாக வைத்துக்கொண்டு ஆராய்கிறவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். முதல் நாளே அவர்களைக் கேட்டிருந்தால் எந்த இயந்திரத்தைக் கொண்டுவருவது என்று சொல்லியிருப்பார்கள், வெறும் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்காதே என்று அந்தப் பிள்ளைகளிடமும் சொல்லியிருப்பார்கள். தென்கொரியாவில் 2007 டிசம்பரில் தேஆன் கரையில் பத்தாயிரம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியபோது பத்து லட்சத்துக்கும் அதிகமான தன்னார்வலர்கள் வந்து துடைத்தார்கள். அந்த ஊர்க்காரர்களின் உடல்நிலையை அங்குள்ள மருத்துவ ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எர்ணாவூரில் வாளி தூக்கிய பிள்ளைகளையும் அப்படிக் கவனித்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

எதைச் செய்யக் கூடாது என்று சொல்வதற்கும் படித்தவர் வேண்டும். 1967இல் டோரி கேன்யன் என்ற கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்குப் பக்கத்தில் பாறையில் மோதி லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. எண்ணெயைக் கரைக்கிறோம் என்று டன் கணக்கில் சோப்பு மருந்தை ஊற்றினார்கள். பிளிமத் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கரை கரையாகப் போய்ப் பார்த்துவிட்டு, பாறையில் ஒட்டி வாழும் நத்தை, சிப்பி வகைகளை எண்ணெயைவிட அந்த மருந்துதான் அதிகம் கொன்றது என்று எழுதி வைத்தார்கள்.

2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள், 87 நாட்கள் கடலடிக் கிணற்றிலிருந்து எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. நாளொன்றுக்கு 5,000 பீப்பாய் கசிகிறது என்று அதிகாரப்பூர்வமாகச் சொன்னார்கள். பர்டூ பல்கலைக்கழகத்தில் நீரோட்டத்தை வீடியோவில் அளக்கும் வேலை செய்கிற ஸ்டீவ் வெரெலி என்ற பேராசிரியர், கடலடியில் எடுத்த படத்தை வைத்துக் கணக்குப் போட்டு 70,000 பீப்பாய்க்குப் பக்கத்தில் வரும் என்றார். கசிவின் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 62,000 பீப்பாய் வந்தது என்று பிறகு அரசாங்க விஞ்ஞானிகள் குழு முடிவாகச் சொன்னது. அவர் எண்ணெய்க் கசிவு ஆராய்ச்சியாளரே இல்லை, வேறு துறைக்காரர், ஆனால் அந்த நேரத்தில் தேவைப்பட்டது அவருடைய அறிவுதான். அதனால்தான் யாருக்கு என்ன தெரியும் என்ற பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும் என்கிறேன். அந்த விபத்துக்குப் பிறகு பத்து ஆண்டு ஆராய்ச்சிக்கு, அந்தக் கிணற்றை நடத்திய பிபி நிறுவனம் 50 கோடி டாலர் கொடுத்தது. அதுவும் கொட்டிய பிறகு வந்த பணம்தான்.

நான் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், அதனால் இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கச்சா எண்ணெய்க்கும் ஒரு கைரேகை உண்டு. ஹோப்பேன், ஸ்டெரேன் என்று சில சேர்மங்கள், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்த நுண்ணுயிர்களின் மிச்சம், வெயிலிலும் அலையிலும் சுலபத்தில் அழியாதவை. கேஸ் குரோமட்டோகிராஃப், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இரண்டும் சேர்ந்த கருவியில் ஒரு துளியை விட்டால் அந்தச் சேர்மங்கள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று வரைகோடாக வந்துவிடும், கரையில் எடுத்ததையும் சந்தேகப்படும் தொட்டியில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஆனால் மாதிரி எடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, கண்ணாடிதான், மூடிக்கு உள்ளே எண்ணெய் படாமல் அலுமினியத் தாள் வைக்க வேண்டும், இருட்டில், ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும், எந்த இடம், எத்தனை மணி, யார் எடுத்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு மன்றத்தில் அந்தப் பாட்டிலுக்கு மதிப்பே இல்லை.

என்னிடம் படித்த ஒரு பெண் கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்தாள். ஒரு முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்த சேற்றை எடுக்க அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலைந்தாள். ‘மேலிடத்து உத்தரவு வரட்டும்மா’ என்றே சொல்லி அனுப்பினார்கள். உத்தரவு வந்தபோது கடல் பலமுறை ஏறி இறங்கிவிட்டது, அலையாத்திச் செடியின் மூச்சு வேர்களில் கருப்பு காய்ந்து தோலாக ஒட்டியிருந்ததைத்தான் சுரண்டி எடுத்து வந்தாள். முதல் நாள் தண்ணீரில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்தபோது, எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது என்பதிலேயே நாட்கள் போயின, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட வேண்டியிருந்தது. அதற்குள் வலையும் படகும் வீட்டுச் சுவரும் நாசம்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். கொடைக்கானலில் பாதரசத்தால் மண்ணைக் கெடுத்த தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. மண்ணில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிச்சமிருந்தால் பரவாயில்லை என்ற வாதம் அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ஆளுக்கொரு அறிக்கை, ஆளுக்கொரு எண். ஆலை வருவதற்கு முன்பே இந்தச் சோலைக்காட்டு மண்ணிலும் ஏரி மீனிலும் எவ்வளவு பாதரசம் இருந்தது என்று யாராவது வெளியாள் அளந்து எழுதி வைத்திருந்தால், வேலை பார்த்த தொழிலாளர்கள் இத்தனை காலம் அலைந்திருக்க மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அளவு இல்லாதவன் வழக்கில் தோற்பான், நாங்கள் கண்ணால் பார்த்தது இது. கடற்கரைக்காரர்களுக்கும் இதே கதி வரக் கூடாது.

ஆள் இல்லாமலா இருக்கிறோம்? பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை, சென்னை ஐஐடியில் கடல்சார் பொறியியல், பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம். கடலில் மிதக்கும் எண்ணெய் நீரோட்டத்தோடும், காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 3 சதவீத வேகத்திலும் நகரும் என்று வைத்துக் கணக்குப் போட்டு, அது எந்தக் கரைக்குப் போகும் என்று சொல்லும் ஏற்பாடு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையத்திடம் இருக்கிறது. எண்ணெய்க் கசிவைச் சமாளிக்கத் தேசிய அளவில் 1996லிருந்து திட்டமும் உண்டு, அதற்குக் கடலோரக் காவல்படைதான் பொறுப்பு. இவர்களெல்லாம் ஒருவருக்கொருவர் போன் செய்யும் நிலையில் இருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது கன்னியாகுமரி மாவட்டக் கரை வரைக்கும் பிளாஸ்டிக் குருணை வந்து ஒதுங்கியது. அடுத்தது எண்ணெயாகவே வரலாம்.

அரசிடம் நான் கேட்பது பெரிய கட்டடமோ புதிய ஆணையமோ இல்லை. கடலோரக் காவல்படையும் மாநில அரசும் இந்தப் பல்கலைக்கழகங்களோடு இப்போதே ஒப்பந்தம் போட்டு, யாருக்கு என்ன தெரியும், எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று எழுதி ஆட்சியர் அலுவலகங்களில் வைக்கட்டும். கசிவு என்று தெரிந்த அன்றே தனி உத்தரவுக்குக் காத்திராமல் மாதிரி எடுக்கும் அனுமதியை அந்த ஒப்பந்தத்திலேயே கொடுத்துவிடட்டும். துறைமுகமும் ஆலையும் இருக்கிற இடங்களில் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று, நீரையும் சேற்றையும் மீனையும் அளந்து முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். இதற்கான செலவைத் துறைமுகங்களும் ஆலைகளும் தர வேண்டும், ஆனால் பணம் தருகிறவர் கையில் முடிவுகள் போகக் கூடாது.

கடைசியாக ஒன்று. எண்ணூர்ச் செய்தி வந்த வாரம் இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கருவாடு விற்கிற அம்மாவிடம் வாங்க ஆளில்லை. அவர் சரக்கு தூத்துக்குடிச் சரக்கு, எண்ணூருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சொன்னாலும் யாரும் கேட்கவில்லை. எந்தக் கரை மீனைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று மீன்வளப் பல்கலைக்கழகம் ஒரு நாளுக்குள் தமிழில் அறிவிக்க வேண்டும், அந்த அறிவிப்பை உங்கள் நாளிதழ் முதல் பக்கத்தில் போட வேண்டும். அடுத்த ஒத்திகைக்கு உங்கள் நிருபர் போகும்போது, ஆராய்ச்சியாளர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அதிகாரிகளிடம் தயவுசெய்து கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
நாயுடுபுரம், கொடைக்கானல்