கனசதுரத்தின் மேல் மூன்று வட்டங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான, பொருள்களின் முப்பரிமாண உருவத்தைத் தாளில் வரையும் முறை பற்றிய பாடத்தைப் படித்தேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் எஞ்சினியரிங் டிராயிங் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். இந்தப் பாடத்துக்கு ஒரு நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்கியதைக் கண்டு மகிழ்ந்தேன். ஆயினும், பாடத்துடன் அச்சான படத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைப் பார்த்து வரையும் மாணவர் அதே பிழையோடு தேர்வுக்கும் பட்டறைக்கும் செல்வார் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

50 மி.மீ. கனசதுரம் ஒன்றை, மூன்று முகங்களும் சமமாகத் தெரியும் ஐசோமெட்ரிக் முறையில் வரைந்து, கண்ணுக்குத் தெரியும் மூன்று முகங்களிலும் ஒவ்வொரு வட்டத்தைக் காட்டியிருந்தீர்கள். இம்முறையில் வட்டம் நீள்வட்டமாகவே தெரியும்; தங்கள் படத்தில் மூன்று நீள்வட்டங்களும் ஒரே மாதிரி, நெட்டச்சு (நீளமான விட்டம்) கிடையாக அமையுமாறு படுத்திருந்தன. மேல்முகத்துக்கு அது சரி. இடப்புற, வலப்புற முகங்களில் அப்படி வரவே வராது. அங்கே நெட்டச்சு கிடைக்கோட்டுக்கு 60 பாகைச் சாய்வில், ஒரு முகத்தில் ஒரு பக்கமும் மற்றதில் எதிர்ப்பக்கமும் சாய்ந்து நிற்க வேண்டும். தங்கள் படத்தில் அவை முகத்தில் பதிந்த வட்டங்களாக இல்லாமல், முகத்தின் குறுக்கே செருகிய அப்பளங்களைப் போலத் தெரிந்தன. நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி உண்டு: அந்த முகத்தில் துளையிட்டால் துளைக்கருவி எந்தத் திசையில் உள்ளே செல்லுமோ, நீள்வட்டத்தின் குற்றச்சு (குறுகிய விட்டம்) அந்தத் திசையிலேயே இருக்கும்.

இப்பிழை கணினியில் வரைபவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளில் ஐசோமெட்ரிக் முறையில் வரையும்போது, எஃப்5 விசையை அழுத்தித் தளத்தை மாற்றிய பிறகுதான் அடுத்த முகத்தின் வட்டத்தை வரைய வேண்டும். மாற்ற மறந்தால் மூன்று முகங்களிலும் மேல்முகத்தின் நீள்வட்டமே விழும். கையால் வரைந்து பழகியவருக்கு அது பார்த்தவுடன் உறுத்தும். பழகாதவர் மென்பொருள் தந்ததாயிற்றே என்று ஏற்றுக்கொண்டுவிடுவார்.

கையால் வரைவோர் முதலில் கற்க வேண்டியது பெட்டியை வரைவதுதான். எத்தகைய பொருளானாலும் அது சரியாக அடங்கும் செவ்வகப் பெட்டி ஒன்றை 2எச் பென்சிலால் மெல்லிய கோடுகளில் முதலில் வரைந்துகொள்ள வேண்டும். பெட்டியின் உயரம் செங்குத்துக் கோட்டில் செல்லும். நீளமும் அகலமும் கிடைக்கோட்டுக்கு 30 பாகைச் சாய்வில் இருபுறமும் செல்லும். 30-60 மூலைமட்டம் ஒன்றும் டி வடிவ அளவுகோலான டி-ஸ்கொயரும் இருந்தால் போதும், கோணமானி தேவையில்லை. அதன்பின் பெட்டியிலிருந்து வேண்டாத பகுதிகளை, தச்சர் மரக்கட்டையைச் செதுக்குவது போல, ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகலாம். கூம்பகத்தை வரைய வேண்டுமானால், அடியிலுள்ள சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளியிலிருந்து செங்குத்தாக உயரத்தைக் குறித்து, அந்த உச்சியை நான்கு முனைகளோடும் இணைத்தால் முடிந்தது.

அளவெடுப்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். உயரம், நீளம், அகலம் என்னும் இந்த மூன்று திசைகளுக்கு இணையான கோடுகளில் மட்டுமே அளவுகோலை வைக்கலாம். தங்கள் கனசதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்முகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் உண்மையில் ஏறத்தாழ 71 மி.மீ. ஆனால், படத்தில் அளந்து பார்த்தால் ஒன்று 87 மி.மீ. இருக்கும், மற்றொன்று 50 மி.மீ.தான் இருக்கும். ஆகவே இத்திசைகளுக்கு இணையாக இல்லாத விளிம்பு எதையும் நேரடியாக அளந்து வரையக் கூடாது. அதன் இரு முனைகளையும் பெட்டியின் விளிம்புகள் வழியாக அளந்து குறித்து, பிறகு இணைக்க வேண்டும். அறுகோண நட் ஒன்றை வரையச் சொன்னால், இதை அறிந்தவர் யார், அறியாதவர் யார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வட்டத்துக்கும் இதே வழிதான். வட்டத்தைச் சுற்றி வரைந்த சதுரம் சாய்சதுரமாக மாறிய பிறகு, அதன் விரிகோண முனைகள் இரண்டிலிருந்தும் எதிர்ப்பக்கங்களின் நடுப்புள்ளிகளுக்குக் கோடுகள் இழுத்தால், அவை நீண்ட மூலைவிட்டத்தை இரு இடங்களில் வெட்டும். விரிகோண முனைகளை மையமாகக் கொண்டு இரண்டு பெரிய விற்களையும், வெட்டுப்புள்ளிகளை மையமாகக் கொண்டு இரண்டு சிறிய விற்களையும் கவராயத்தால் வரைந்தால் நீள்வட்டம் கிடைக்கும். நான்கு மைய முறை என்று இதைத்தான் சொல்கிறோம். இது தோராயமானதே என்பதையும் மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும்: 50 மி.மீ. வட்டத்துக்கு உண்மையான நீள்வட்டத்தின் நெட்டச்சு 61 மி.மீ.யைச் சற்றே தாண்டும்; நான்கு மைய முறையில் 58 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே வரும். பட்டறை வேலைக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல, ஏனெனில் முப்பரிமாணப் படத்தை அளந்து யாரும் உலோகத்தை வெட்டுவதில்லை.

இன்னொரு திருத்தமும் உண்டு. பக்கத்துக்கு 50 மி.மீ. வைத்து வரைந்த அப்படத்தின் கீழ் ‘ஐசோமெட்ரிக் ப்ரொஜெக்‌ஷன்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். முழு அளவில் வரைந்தால் அது ஐசோமெட்ரிக் வியூ. ப்ரொஜெக்‌ஷன் என்றால் அளவுகளை 0.816 மடங்காகக் குறைக்க வேண்டும். அதாவது, பக்கம் ஏறத்தாழ 41 மி.மீ. ஆக வேண்டும். சொல்லில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணம், கோளம். கனசதுரத்தின் மேல் 50 மி.மீ. விட்டமுள்ள கோளம் அமர்ந்திருப்பதாக வரையச் சொல்வது தேர்வுகளில் வாடிக்கை. குறைத்த அளவில் வரையும்போது, தொடும் புள்ளியிலிருந்து கோளத்தின் மையம் 20.4 மி.மீ. உயரத்தில் இருக்கும், வட்டத்தின் ஆரமோ குறையாமல் 25 மி.மீ.யாகவே இருக்கும். அதனால் வட்டத்தின் அடி தொடும் புள்ளிக்கும் கீழே இறங்கும். தவறு செய்துவிட்டோமோ என்று அஞ்சி அழிப்பானைத் தேடிய மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். நாம் பொருளை மேலிருந்து சாய்வாகப் பார்க்கிறோம் என்பதை நினைத்தால் அச்சம் நீங்கிவிடும்.

இவையெல்லாம் தேர்வுக்கு மட்டும் பயன்படுபவை என்று எண்ணிவிடக் கூடாது. ஆசிரியப் பணிக்கு வருமுன் நான் வேலைபார்த்த ஒரு வார்ப்படப் பட்டறையில், வெளியிலிருந்து வந்த டிராயிங் ஒன்றில் பொருளின் தோற்றங்களை எந்தக் கோண முறைப்படி அடுக்கியிருக்கிறது என்று காட்டும் கூம்புக் குறியீடு இல்லை. நம் நாட்டில் வழங்கும் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில், மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே இருக்கும். வலப்புறத்திலிருந்து பார்த்த தோற்றம் இடப்புறத்தில் இருக்கும். அமெரிக்காவில் வழங்கும் தேர்டு ஆங்கிள் முறையில் இவை இடம் மாறும். வந்த டிராயிங் தேர்டு ஆங்கிள். நாங்கள் நம் முறைப்படி படித்தோம். பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி உரு) செய்தவர் கைதேர்ந்தவர், அளவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிராக்கெட்டின் காது வலப்புறம் இருக்க வேண்டியது இடப்புறம் வந்துவிட்டது. வார்த்த உருப்படிகள் அத்தனையும் உலைக்கே திரும்பிப் போயின. டிராயிங்கின் மூலையில் கையகல ஐசோமெட்ரிக் படம் ஒன்று இருந்திருந்தால் அன்றைய இரும்பும் கூலியும் மிஞ்சியிருக்கும்.

ஐசோமெட்ரிக் முறையை முறைப்படி விளக்கி 1822-இல் கட்டுரை வெளியிட்ட கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷுக்கும் இதே போன்ற தேவைதான் இருந்தது. வகுப்பில் காட்டும் இயந்திர மாதிரிகளை, பாடம் முடிந்ததும் பிரித்து, அவற்றின் பாகங்களைக் கொண்டே அடுத்த மாதிரியைப் பூட்டுவது அவர் வழக்கம். பூட்டும் உதவியாளர்கள் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் படம் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். திருத்திய படத்தை வெளியிடும்போது, அதன் அருகே வெற்றுப் புள்ளிக்கட்டம் ஒன்றையும் அச்சிடுங்கள். டிராயிங் போர்டும் மினி டிராஃப்டர் என்னும் வரைகருவியும் வாங்க இயலாத பிள்ளைகளுக்கு அது போதும். அந்தக் கட்டம் நம் வீட்டு வாசல்களில் நாள்தோறும் இடப்படுவதுதான். ஊடுபுள்ளிக் கோலத்தில், ஒரு வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழுகிறதல்லவா, அதையே தாளில் 10 மி.மீ. இடைவெளியில் புள்ளிகளும், 8.7 மி.மீ. இடைவெளியில் வரிசைகளுமாக வைத்து, தாளைப் பக்கவாட்டில் திருப்பினால், செங்குத்துக் கோடும் இருபுறத்து 30 பாகைக் கோடுகளும் தாமாகவே கிடைத்துவிடும். முதல் பயிற்சியாகத் தீப்பெட்டியைக் கொடுங்கள். அடுத்த வாரம், அதை அரைவாசி திறந்து வைத்து வரையச் சொல்லலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற டிராயிங் ஆசிரியர்,
கோயம்புத்தூர்.