பகான் கோயில்களில் சிமென்ட் பூச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மியன்மாரின் பழைய தலைநகரான பகானுக்குப் போய்வரும் நம்மவர்கள், பழைய நகர மதிலுக்குள் இருக்கும் நத்லவுங் பெருமாள் கோயிலைக் கண்டதும், "நாலு மூட்டை சிமென்ட் வாங்கிப் பூசிவிடலாமே" என்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பூச்சுதான் கோயிலுக்குக் கேடு.

பகான் கட்டடங்கள் தட்டைச் செங்கல்லும் மெல்லிய களிமண் சாந்தும் வைத்து எழுப்பியவை. மேலே சுண்ணாம்புப் பூச்சு. மழையில் குடித்த ஈரத்தைச் சுவர் அந்தப் பூச்சு வழியே வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் பக்கத்துச் செங்கல் வழியே கசிந்து, அங்கே உப்புப் பூத்து, செங்கல் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். சிமென்ட் மட்டும் நிற்கும். நிலம் நடுங்கினால் அதுவும் கட்டியாகப் பெயர்ந்து விழும். 2016 ஆகஸ்ட் 24 நிலநடுக்கத்தில் விழுந்தவற்றில் பல, பின்னாளில் கட்டிச் சேர்த்த உச்சிகளே.

வேண்டியது சுண்ணாம்புக் காரை. சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீற்றி, மேலே தண்ணீர் நிற்க மூன்று மாதமாவது ஊறவிட வேண்டும். நீறாத துணுக்கு இருந்தால் பூசிய பிறகு பொரிந்து வெடிக்கும். சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. மணலில் கொஞ்சத்தைக் குறைத்துச் செங்கல் தூள் சேர்த்தால் மழைக்குத் தாங்கும். செங்கல்லை நன்றாக நனைத்து, ஒரு பூச்சுக்கு 10 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பூசி, பத்து நாள் ஈரச்சாக்கு போட வேண்டும். அவசரப்பட்டுக் காயவிட்டால் வெடிப்புதான். முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கவே கூடாது, செங்கல்லும் சேர்ந்து வரும். அடியில் வெட்டி, வேர் பட்ட பிறகே இடுக்கை அடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் தொல்லியல் துறை அனுமதி வேண்டும்.

பகானில் நமக்கு உரிமையுள்ள ஒரு கல்வெட்டும் உண்டு. மலைமண்டலத்து (இன்றைய கேரளப் பகுதி) வணிகர் ஒருவர் 13ஆம் நூற்றாண்டில் நானாதேசி விண்ணகர் ஆழ்வார் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்ததைத் தமிழில் சொல்வது. அந்தக் கோயிலே நத்லவுங் என்று பலரும் எழுதுகிறார்கள். கல்வெட்டு கிடைத்ததோ தெற்கே மின்கபா என்ற ஊர்ப் பக்கம். இரண்டு கோயிலையும் ஒன்றாக்காமல் இருப்பதே சரி.

காணிக்கை கொடுக்க நினைப்பவர்கள் சுண்ணாம்புக்கும், அந்த வேலை தெரிந்த கொத்தனார் கூலிக்கும் கொடுங்கள். கற்பூரத்தை வெளியே ஏற்றுங்கள். உள்ளே ஏற்றினால் புகைக்கரி சுவரோவியத்தில் படியும். அதைக் கழுவப்போனால் ஓவியமும் போய்விடும்.

இப்படிக்கு,
பழங்கட்டடத் திருப்பணி பார்ப்பவர்,
யாங்கோன்