நீர்மூழ்கிகளை ஒரே அளவுகோலில் ஒப்பிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான பக்கத்தைப் படித்தேன். பள்ளி மாணவர்கள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளத் தக்க அழகான பக்கம் அது. ஆனால் ஒவ்வொரு கப்பலும் ஒவ்வோர் அளவில் வரையப்பட்டிருந்ததாலும், அட்டவணையில் நீளம் ஒன்றே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருந்ததாலும், நம் கடற்படையின் இன்றைய ஐ.என்.எஸ். கல்வாரி இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியின் ஏழு-சி வகைப் படகுக்கு ஏறத்தாழச் சமமானது என்ற எண்ணமே வாசகர் மனத்தில் பதியும். அது சரியன்று. கோவை கணபதியில் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் (வார்ப்பு அச்செடுக்கும் மர உரு) செய்து தரும் தொழிலில் இருக்கும் நான், நண்பர்கள் சிலருடன் சேர்ந்து, தண்ணீரில் மூழ்கி எழும் பெரிய அளவு நீர்மூழ்கி மாதிரிகளையும் கட்டி வருகிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஏழு-சி படகின் நீளம் 67.1 மீட்டர், அகலம் 6.2 மீட்டர். மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 2017 டிசம்பர் 14 அன்று பணியில் சேர்ந்த கல்வாரியின் நீளம் 67.5 மீட்டர், அகலம் அதே 6.2 மீட்டர். இரண்டையும் 24-இல் ஒரு பங்கு அளவில் செய்து ஒரே மேசையில் வைத்தால், சுமார் 2.8 மீட்டர் நீளமுள்ள அவ்விரு மாதிரிகளுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர்கூட வேறுபாடு இராது. ஆனால் மூழ்கிய நிலையில் ஏழு-சி இடம்பெயர்க்கும் நீர், அதாவது அதன் எடை, 871 டன். கல்வாரி இடம்பெயர்க்கும் நீரோ சுமார் 1,775 டன். நீளமும் அகலமும் மாறாதிருக்க எடை மட்டும் இரட்டிப்பானது எப்படி என்பதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை. உள்ளமைப்பைத் திறந்து காட்டும் மாதிரி சொல்லிவிடும்.

ஏழு-சி படகுக்குச் சொல்லப்படும் 6.2 மீட்டர், அதன் வெளிப்புற அளவு. கடலின் அழுத்தத்தைத் தாங்கி மனிதர்களைக் காக்கும் உட்கூட்டின் விட்டம், அது மிக அகன்றிருக்கும் நடுப்பகுதியிலேயே, 4.7 மீட்டர்தான், நீளமும் சுமார் 50 மீட்டர்தான். மீதி அகலம், குதிரைச் சேணத்தின் இருபுறமும் தொங்கும் பைகளைப் போல உட்கூட்டின் பக்கங்களில் பொருத்தப்பட்ட தொட்டிகளால் வந்தது. மேல்தளமும் தண்ணீர் தாராளமாகப் புகுந்து வெளியேறும் மெல்லிய தகட்டு மூடிதான். கல்வாரியில் அப்படியில்லை. அதன் 6.2 மீட்டர் அகலம் முழுவதும் அழுத்தம் தாங்கும் கூட்டின் விட்டமே. மூழ்குவதற்கான தொட்டிகள் முன்முனையிலும் பின்முனையிலும் ஒதுக்கப்பட்டுவிட்டன. 24-இல் ஒரு பங்கு அளவில் 4.7 மீட்டர் என்பது 19.6 சென்டிமீட்டர், நம் தோட்டங்களில் பாசனத்துக்குப் பதிக்கும் 200 மி.மீ. பி.வி.சி. குழாயின் விட்டம் ஏறத்தாழ அதுவே. கல்வாரிக்கு 250 மி.மீ. குழாய் நெருங்கி வரும். இவ்விரு குழாய்களிலும் ஒரு முழத் துண்டு அறுத்து அருகருகே நிறுத்திக் காட்டினால், ஏழு-சி படகில் 44 முதல் 52 பேர் வரை எவ்வளவு குறுகிய வட்டத்துக்குள் வாரக்கணக்கில் வாழ்ந்தார்கள் என்பது எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் சொல்லாமலே விளங்கும்.

வேகத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏழு-சி நீர்மேல் 17.7 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்திலும் நீருக்கடியில் 7.6 நாட் வேகத்திலும் ஓடியது. அடியில் 4 நாட் வேகத்தில் மெல்லச் சென்றால்கூட 80 கடல் மைலுக்குள் மின்கலம் தீர்ந்துவிடும். உண்மையில் அது தேவைப்படும்போது மூழ்கத் தெரிந்த ஒரு மேற்பரப்புப் படகு. கூரிய முகப்பு, தட்டையான மேல்தளம், பீரங்கி ஆகியவையெல்லாம் அலைமேல் ஓடுவதற்காக அமைந்தவை. கல்வாரி நீருக்கடியில் 20 நாட் வேகம் செல்லும். மேலே வந்தால் வேகம் குறைந்துவிடும். இரு மாதிரிகளையும் கையால் தடவிப் பார்த்தாலே இந்த நோக்க மாற்றம் தெரிந்துவிடும்.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது, இந்த மாற்றம் நேர்க்கோட்டில் நடக்கவில்லை என்பதுதான். அமெரிக்கக் கடற்படை 1900-இல் விலைக்கு வாங்கிய ஜான் ஹாலண்டின் படகு 16.4 மீட்டர் நீளமே உடையது; ஆனால் அதன் உடல் நடுவில் பருத்து இருமுனையிலும் குறுகும் கதிர் வடிவில், நீருக்கடியில் செல்வதையே முதல் நோக்கமாகக் கொண்டு அமைந்திருந்தது. பிறகு வந்தவர்கள் கடல் கடந்து செல்லும் தேவைக்காக அந்த வடிவத்தைக் கைவிட்டு, கப்பலின் முகப்பையும் தளத்தையும் நீர்மூழ்கிக்கு ஏற்றினார்கள். இடையில் 1918-இல் பிரிட்டன் கட்டிய ஆர் வகைப் படகுகள் மேலே 9.5 நாட், அடியில் 14 நாட் எனத் தலைகீழாக ஓடிக் காட்டின. அந்த வழியை அப்போது யாரும் தொடரவில்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மனியின் இருபத்தொன்றாம் வகை, பீரங்கியைக் களைந்து, உடலை வழுவழுப்பாக்கி, ஏழு-சி படகைவிட மும்மடங்கு மின்கலங்களை ஏற்றி, அடியில் 17.2 நாட் வேகத்தை எட்டியது. 1953-இல் வெள்ளோட்டம் விடப்பட்ட அமெரிக்காவின் ஆல்பகோர், ஆயுதம் ஏதும் இல்லாத ஆய்வுக் கலமாக, நீர்த்துளி வடிவத்தை நிலைநாட்டியது. ஹாலண்டின் 68 சென்டிமீட்டர் மாதிரியை ஆல்பகோரின் இரண்டரை மீட்டர் மாதிரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், நடுவில் உள்ள ஐம்பது ஆண்டுப் படகுகளைவிட இவ்விரண்டுக்கும் உறவு நெருக்கம் என்பதைக் கண்ணாலேயே உணர்வார். எல்லாம் ஒரே அளவுகோலில் இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

விசாகப்பட்டினம் சுற்றுலா சென்று கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக்குள் நடந்து வந்தவர்கள் நம் பகுதியில் ஏராளம். சோவியத் ஃபாக்ஸ்ட்ராட் வகையைச் சேர்ந்த அந்த 91.3 மீட்டர்க் கப்பல் 1969 முதல் 2001 வரை பணியாற்றியது. உள்ளே நடப்பவருக்குத் தெரியாத ஒன்று, அதற்கு இரட்டை உடல் உண்டு என்பது. உட்கூட்டைச் சுற்றி இன்னொரு முழு உறை, இடையில் தொட்டிகள். அதனால்தான் நீர்மேல் சுமார் 1,950 டன்னாக இருப்பது மூழ்கும்போது சுமார் 2,475 டன்னாகிறது. மூழ்குவதற்குக் கூடுதலாக ஏற்க வேண்டிய இந்த எடையே மிதப்பு இருப்பு; இங்கே கால் பங்குக்கும் மேலான அது, ஏழு-சி படகில் பாதியளவுதான், கல்வாரியில் அதற்கும் குறைவு. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாலும் மேலே எழ வேண்டும் என்று எண்ணிய வடிவமைப்பாளர் ஒரு பக்கம். எடையையும் இழுவையையும் குறைக்க எண்ணியவர் மறுபக்கம்.

மாதிரி ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கடையில் கிடைக்கும் 72-இல் ஒரு பங்கு ஏழு-சி பெட்டியைக் கொண்டு 93 சென்டிமீட்டரில் அருமையான மாதிரி செய்யலாம். அலமாரியில் வைக்க அது போதும். ஆனால் அதை மூழ்க வைப்பது வேறு காரியம். நீளம் மூன்றில் ஒரு பங்கானால் எடை இருபத்தேழில் ஒரு பங்காகும் என்பதால், அந்தச் சிறிய படகு மூழ்கும்போது மொத்தம் இரண்டேகால் கிலோதான் இருக்கும். அது உள்வாங்க வேண்டிய தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்குச் சற்றே கூடுதல். அதில் சில கிராம் கூடினாலும் குறைந்தாலும் படகு குளத்தின் அடித்தரைக்குப் போய்விடும், அல்லது மேலேயே நின்றுவிடும். 24-இல் ஒரு பங்கு படகோ நம் குளத்து நன்னீரில் 61 கிலோவுக்கு மேல் இருக்கும். மூழ்குவதற்குச் சுமார் ஏழு லிட்டர் தண்ணீரை உள்வாங்கும். தவறுக்கு இடம் உண்டு. தூக்க மட்டும் நாலு பேர் வேண்டும். காலமும் அளவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பச் சுருங்குகிறது. உண்மைப் படகு 30 விநாடியில் மூழ்கியதென்றால், 24-இல் ஒரு பங்கு மாதிரி ஆறு விநாடியில் மூழ்குவதே இயல்பாகத் தோன்றும். வேகமும் அப்படியே, 7.6 நாட் என்பது நொடிக்கு 80 சென்டிமீட்டராகும். மாதிரி சிறிதாக ஆக, எல்லாம் படபடவென்று நடந்து, கப்பலின் கம்பீரம் போய்விடும்.

எடையைச் சரிசெய்வதுதான் இக்கலையின் உயிர்நாடி. மூழ்கிய படகு நிமிர்ந்து நிற்க, அதன் எடை மையம் மிதப்பு மையத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். ஆகவே ஈயத்தை அடிமட்டத்திலும் தண்ணீர் உறிஞ்சாத நுரைக்கட்டையை மேற்பகுதியிலும் வைத்து, கிராம் கிராமாக நகர்த்திப் பார்க்கிறோம். மேலெழும் தருணத்தில்தான் படகு கவிழப் பார்க்கும். உண்மைக் கப்பலின் தளத்திலிருந்து தண்ணீர் விரைந்து வடிந்துவிடும். மாதிரியில் வடிதுளைகளும் 24-இல் ஒரு பங்காகச் சிறுத்துவிடுவதால், தண்ணீரின் பரப்பு இழுவிசை அதைத் தடுத்து, உயரத்தில் சுமை தங்கிவிடுகிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் கூடுதல் துளையிடுவோம். அளவுக்கு உண்மையாக இருப்பது எங்கே, இயக்கத்துக்கு உண்மையாக இருப்பது எங்கே என்று ஒவ்வொரு இடத்திலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

வானொலிக் கட்டுப்பாட்டிலும் ஒரு பாடம் உண்டு. இன்று பறக்கும் பொம்மைகளுக்கெல்லாம் பயன்படும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை, தண்ணீரின் மேற்பரப்பைத் தாண்டியதும் மடிந்துவிடும். 40 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசை, நன்னீரில் சில மீட்டர் ஆழம் வரை எட்டும்; உப்பு நீரில் அதுவும் செல்லாது. கடலுக்கடியில் உள்ள நம் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப, திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் மிகத் தாழ்ந்த அலைவரிசையில் இயங்குவதும் இதே இயற்பியலால்தான்.

இவ்வளவையும் கோவையிலிருந்து எழுதக் காரணம் உண்டு. கடல் இல்லாத இந்தக் கொங்கு நாட்டில், நீர்மூழ்கி மாதிரிக்கு வேண்டிய அத்தனை கைத்திறனும் ஏற்கெனவே இருக்கிறது. குறுக்குவெட்டு அச்சுகளை வைத்து வளைந்த உடலை மரத்தில் செதுக்கும் வேலை, நாங்கள் பம்ப் உறைகளுக்குப் பேட்டர்ன் செய்யும் அதே வேலை. அதிலிருந்து ஃபைபர் அச்செடுக்கப் பட்டறைகள் உண்டு. கன்மெட்டலில் இம்பெல்லர் வார்ப்பவரால் புரொபெல்லர் வார்க்க முடியும். அலுமினியத் தடுப்புத் தகட்டில் ஓ-ரிங்குக்குக் காடி வெட்ட எந்த லேத் பட்டறையும் தயங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் உள்ளே புகாமல் காப்பது எப்படி என்பதை, ஆழ்துளைக் கிணறுகளில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார்களைத் தலைமுறைகளாகச் செய்துவரும் இந்த ஊருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. குளத்தில் இரண்டு மீட்டர் ஆழத்துக்குப் போகும் மாதிரி, அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஆகவே நம் பகுதியின் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும், ஆண்டுதோறும் கைவிடப்படும் இறுதியாண்டுச் செயல்திட்டங்களுக்குப் பதிலாக, 24-இல் ஒரு பங்கு என்ற ஒரே அளவில், ஹாலண்ட், ஏழு-சி, இருபத்தொன்றாம் வகை, ஆல்பகோர், குர்சுரா, கல்வாரி ஆகிய ஆறையும் பங்கிட்டுக் கட்ட முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருபுறம் முழு உருவமும் மறுபுறம் வெட்டித் திறந்த உட்கூடுமாக அவை அமைய வேண்டும். குர்சுரா மட்டும் 3.8 மீட்டர் வரும் என்பதால் இரண்டாகப் பிரித்து இணைக்கும்படி செய்யலாம். கொடிசியா அருகிலுள்ள மண்டல அறிவியல் மையம் அவற்றை வரிசையாக வைக்க இடம் தந்தால், கொங்குப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் பார்க்க வாய்ப்பு ஏற்படும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 8, நம் நாட்டின் நீர்மூழ்கி நாள்; 1967-இல் இதே பெயர் கொண்ட முதல் கல்வாரி பணியில் சேர்ந்த நாள் அது. அன்று மீண்டும் இத்தகைய பக்கம் வெளியிடுவதானால், எல்லாக் கப்பல்களையும் ஒரே அளவில் வரைந்து, அழுத்தம் தாங்கும் உட்கூட்டைத் தனி நிறத்தில் காட்டி, அட்டவணையில் உட்கூட்டின் விட்டம், நீர்மேலும் நீருக்கடியிலுமான வேகம், மிதப்பு இருப்பு ஆகிய மூன்றையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன். எங்கள் பட்டறையில் உள்ள 24-இல் ஒரு பங்கு வரைபடங்களைத் தங்கள் ஓவியருக்குப் படியெடுத்துத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பேட்டர்ன் பட்டறை நடத்தும் வாசகர்,
கணபதி, கோயம்புத்தூர்.