தட்டு கழுவினவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம். சுற்றுச்சூழலுக்காக என்னென்ன செய்திருக்கிறோம் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். கூரையில் சூரியத் தகடு, எல்.ஈ.டி. விளக்கு, ரிப்பன் வெட்டுகிற கை, எல்லாம் வந்தது, நாங்களும் கைதட்டினோம். கூட்டம் முடிந்து வெளியே வந்தால் கேன்டீனில் தட்டு கழுவுகிற நம் தாந்தின் ஒற்றை ஆளாகச் சமோசாத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். அவரைப் பற்றி உள்ளே ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வெளியூரிலிருந்து படிக்கிறவர்களுக்கு: மொரிசியஸில் வயதில் மூத்த பெண் யாரானாலும் தாந்தின், ஆண் என்றால் தொந்தோன். கிரியோல் சொல்தான், ஆனால் தமிழ் வீடுகளுக்குள்ளும் அத்தை மாமாவை விட அதுதான் அதிகம் புழங்குகிறது. பெயரைப் போடாதே, வெட்கமாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்லிவிட்டதால் நானும் தாந்தின், தொந்தோன் என்றே எழுதுகிறேன்.

முதல் நன்றி, குப்பையை எடைபோட்ட அந்த நான்கு மாணவர்களுக்கு. இங்கே 2016-இல் பிளாஸ்டிக் பையைத் தடை செய்தார்கள், 2021 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, சாப்பாட்டுப் பெட்டியையும் தடை செய்தார்கள். நாங்களும் பெருமையாகக் கரும்புச் சக்கையில் செய்த பார்கெட்டுக்கு, அதாவது சாப்பாட்டுப் பெட்டிக்கு, மாறினோம். அடியில் 'மக்கும்' என்று அச்சடித்திருக்கும். சரி, மக்கட்டும், ஆனால் எங்கே போய் மக்கும்? லாரி ஏறி மார் ஷிக்கோஸுக்குத்தான் போகிறது. 1997-இலிருந்து இந்தத் தீவின் குப்பையைப் புதைக்கிற இடம் அது. 'மார்' என்றால் குளம். குளம் இப்போது மலையாகிவிட்டது. அங்கே காற்றுப் படாமல் புதைந்தால் மிச்சச் சோறும் மீத்தேன்தான் (பூமியைச் சூடாக்குகிற வாயு), சக்கைப் பெட்டியும் மீத்தேன்தான். அதில் ஒரு பகுதியைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்பது உண்மை, மீதி வானத்துக்குத்தானே போகிறது.

இதையெல்லாம் நான் வாயால் சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை (நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள், எருவைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி). அந்த நான்கு பேரும் ஒரு மீன்காரரிடம் தராசு இரவல் வாங்கி, இரண்டு வாரம் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, கேன்டீன் தொட்டியைப் பிரித்துப் பிரித்து எடைபோட்டார்கள். ஒருத்தி ஒரு பார்கெட்டை என் மூக்குக்கு நேரே நீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பாதி தின்ற மின் ஃப்ரிர் (வறுத்த நூடுல்ஸ்), ஓரத்தில் மிளகாய் விழுது, நடுவில் கசக்கிய டிஷ்யூ, மூடி மட்டும் புத்தம்புதிதாக. பிளாஸ்டிக் போயிருந்தது, ஆனால் குப்பை மூட்டை ஒன்றுகூடக் குறையவில்லை. தம்பி தங்கைகளே, அந்த எடைச்சீட்டு இல்லாவிட்டால் நாங்கள் இன்றைக்கும் பெட்டியை மாற்றிவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டிருப்போம். தராசைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டதா? மீன்காரர் என்னைக் கேட்கிறார்.

சீட்டைப் பார்த்துவிட்டுத் தாந்தின் சொன்னது ஒரே வரி. "பெட்டியே வேண்டாம், தட்டு போடுவோம், கழுவினால் போச்சு." கழுவினால் போச்சு என்று சொன்னவரேதான் கழுவவும் போகிறவர், அதை யோசித்துப் பாருங்கள். அவர் கேட்டது பெரிய தொட்டி, ரப்பர் கையுறை, கூட ஒரு ஆள், அவ்வளவுதான். கோப்பு மேசை மேசையாகச் சுற்றிய கதையை எழுதினால் எனக்கே ரத்தக்கொதிப்பு வரும், விட்டுவிடுகிறேன். கடைசியில் ஸ்டோரில் இருக்கிற அண்ணன்தான், மூடிக்கிடந்த விடுதிச் சமையலறையிலிருந்து நீளமான ஸ்டீல் தொட்டி ஒன்றைக் கண்டுபிடித்து, அவரே துரு தேய்த்துக் கொண்டுவந்து வைத்தார். அண்ணே, நீங்கள் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

அப்புறம் தண்ணீர். வருடக் கடைசியில், மழைக்கு முன்னால், இங்கே தண்ணீர் எப்போது வரும் எப்போது நிற்கும் என்று சொல்லமுடியாது. தட்டுக் கழுவுகிறேன் என்று இருக்கிற தண்ணீரையும் தீர்த்துவிட்டால் அது என்ன பசுமை? குழாய் வேலை பார்க்கும் தொந்தோன் கூரைத் தண்ணீரைப் பீப்பாய்களுக்குத் திருப்பிவிட்டார். முதல் மழையில் பறவை எச்சம், தூசி எல்லாம் வருமே, அதைத் தனியாகக் கழித்துவிட ஒரு குழாயும் மூடியும் வைத்தார். அந்தத் தண்ணீர் தரை கழுவவும் கழிப்பறைக்கும் போகிறது, குழாய்த் தண்ணீர் தட்டுக்கு மிஞ்சுகிறது. கழுவிய தண்ணீர் பின்னால் இருக்கும் வாழைக்குப் போகிறது.

மிச்சச் சோற்றை மக்கவைக்கிறேன் என்று கிளம்பியது நான். முதல் குவியல் நாறிப்போனது. ஈ, எலி, புளித்த வாடை, நூலகத்து ஜன்னலையே சாத்தவேண்டிய நிலைமை. அதற்காக நூலகத்துக்காரர்களிடம் மன்னிப்பும், இரண்டாவது முறை பொறுத்துக்கொண்டதற்கு நன்றியும். தோட்டக்காரத் தொந்தோன் வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு வெறும் சோறாகப் போட்டால் வயிறு ஊதாதா?" என்றார். ஒரு பங்கு ஈரத்துக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்தது வேண்டுமாம். ஜூனிலிருந்து வருடக் கடைசி வரை இந்தத் தீவில் கரும்பு வெட்டு, தோகைக்கா பஞ்சம்! செயின் பியேர் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் ஒரு டிரெய்லர் நிறையத் தோகை கொண்டுவந்து கொட்டிவிட்டு, டீசலுக்குக்கூடக் காசு வாங்காமல் போனார். அதற்கப்புறம் குவியல் சூடேறியது. தொந்தோன் நடுவில் ஒரு இரும்புக் கம்பியைக் குத்தி வைத்திருக்கிறார். காலையில் அதை உருவித் தொடுவார், கை சுட்டுக்கொண்டு உதறினால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். கடன் வாங்கிய வெப்பமானியில் ஒருநாள் பார்த்தோம், 60 டிகிரி.

வருஷப்பிறப்புக்கு மாணவர்கள் ஏழு கறி போட்டதையும் சொல்லவேண்டும். வாழையிலையில் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார்கள், பெட்டி ஒன்றுகூட இல்லை. இலையை மட்டும் முழுசாகக் குவியலில் போட்டு அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படுத்தியது. அடுத்த வருடம் வெட்டிப் போடுங்கள் ராசாக்களே.

கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங் போட்டு, ஏசியை 24-இல் நிறுத்திவைத்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கும் நன்றி. 2030-க்குள் மின்சாரத்தில் 60 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்று நாடு முன்பு இலக்கு வைத்திருந்தது, ஆனால் இன்றைக்கும் இங்கே பெரும்பகுதி நிலக்கரியும் எண்ணெயும் எரித்துத்தான் வருகிறது. தகடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் திரையில் தட்டுக்கும் ஒரு படம் போட்டிருக்கலாம்.

எரு தயாராகிவிட்டது. இந்த மடலில் வந்திருக்கிற எல்லோரும் சனிக்கிழமை காலை வந்து ஆளுக்கு ஒரு மூட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சாக்கு நீங்களே கொண்டுவரவேண்டும். தாந்தின், உங்கள் வீட்டு முருங்கைக்கு இரண்டு மூட்டை எடுத்துவைத்திருக்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். மற்றவர்கள் இடது பக்கத்துக் குவியலில் மட்டும் கை வையுங்கள். கம்பி குத்தியிருப்பது இன்னும் வேகவில்லை.