படியிறங்காமல் திரும்பிவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ரோம் நகரத் தேவாலயங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். புனித பேதுரு பேராலயத்துக்கு அரைப் பக்கம், சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்துக்குக் கால் பக்கம், சரி, அது எதிர்பார்த்ததுதான். சான் கிளெமெந்தேவுக்கு, அதாவது புனித கிளமெண்ட் தேவாலயத்துக்கு, மூன்றே வரி. 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், நல்ல மொசைக் (சிறு துண்டுகளைப் பதித்துச் செய்த படம்) உண்டு, பழைய கோவிலை 1084இல் நார்மன் படை எரித்துவிட்டதால் இதைப் புதிதாகக் கட்டினார்கள், அவ்வளவுதான். கட்டுரையாளர் அங்கே நேரில் போயிருந்தால், மேலே இருக்கும் மொசைக்கை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே வெளியே வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஓரமாகக் கீழே இறங்கும் படி ஒன்று இருக்கிறது. அதில் இறங்காதவர் அந்தக் கோவிலின் மூன்றில் ஒரு பங்கைத்தான் பார்த்திருக்கிறார்.

கொலோசியத்திலிருந்து லாத்தரன் பேராலயத்துக்குப் போகிற சாலையில், நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருக்கிறது இந்தக் கோவில். வெளியே பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. நான் போனபோது எனக்கும் கீழ்த்தளங்களைப் பற்றி எதுவும் தெரியாது, கொலோசியத்து வரிசையில் நின்று கால் கடுத்துப்போய் எங்காவது நிழலில் உட்கார்ந்தால் போதும் என்று உள்ளே நுழைந்தவன்தான், அதனால் கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்குப் பெரிய தகுதி இல்லை. ஆனால் நான் மூன்று மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

முதலில் அந்த 1084 விஷயம். தென் இத்தாலியை ஆண்ட ராபர்ட் கிஸ்கார்டின் நார்மன் படை அந்த வருடம் ரோமுக்குள் புகுந்ததும், போப் ஏழாம் கிரகோரியை மீட்க வந்த சாக்கில் நகரத்தைச் சூறையாடியதும் உண்மை. பழைய கையேடுகள் எல்லாம் அந்தத் தீயில்தான் சான் கிளெமெந்தேவும் போனது என்று எழுதின. ஆனால் கீழே இறங்கிச் சுவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு பெருந்தீ பட்ட இடமாகத் தெரியவில்லை, சுவரோவியங்களில் சிவப்பும் மஞ்சளும் இன்னும் அப்படியே நிற்கின்றன. இன்றைய ஆய்வாளர்கள் பலர் எரிந்த கதையை நம்புவதில்லை. கட்டடம் தளர்ந்துபோயிருந்தது, தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பி முட்டுக் கொடுக்கவேண்டிய நிலை. சுற்றியிருந்த தெருக்களோ நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மண் ஏறி உயர்ந்துகொண்டே வந்தன, கோவில் பள்ளத்தில் கிடந்தது. அதனால் 1100ஐ ஒட்டி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இடிக்கவில்லை. உள்ளே தூண்களின் தலை வரைக்கும் இடிபாட்டையும் மண்ணையும் கொட்டி நிரப்பி, பழைய சுவர்களையே அஸ்திவாரமாக வைத்து மேலே இன்னொரு கோவில் கட்டினார்கள். இந்தக் கோவிலின் கர்தினாலாக இருந்தவர்தான் 1099இல் இதே இடத்தில் வைத்து இரண்டாம் பாஸ்கல் என்ற பெயரில் போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்குப் பிறகு வந்த கர்தினால் அனஸ்தாசியுஸ் மேல்கோவிலைக் கட்டி முடித்தார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கீழே ஒரு கோவில் இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். ரோமில் கிளமெண்ட் பெயரில் ஒரு கோவில் இருப்பதாக 392இல், பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம் எழுதி வைத்திருக்கிறார் அல்லவா, அது கண்ணெதிரே நிற்கிற இந்த மேல்கோவில்தான் என்று எழுநூறு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்தக் கோவில் அயர்லாந்து டொமினிக்கன் துறவிகளின் பொறுப்பில் இருக்கிறது. அவர்களில் ஒருவரான ஜோசப் மல்லூலி 1857இல் தரைக்குக் கீழே தோண்ட ஆரம்பித்தபோதுதான் ஜெரோம் சொன்ன 4ஆம் நூற்றாண்டுக் கோவில் வெளியே வந்தது. தொடர்ந்து தோண்டினால் அதற்கும் கீழே முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடங்கள். அதில் ஒன்றுக்குள் மித்ரா தெய்வத்தின் வழிபாட்டு அறை.

எரிந்துபோனது என்று நீங்கள் மூன்று சொல்லில் தள்ளிவிட்ட கோவில் இப்படிப் பத்திரமாகப் புதைக்கப்பட்டதால்தான் பிழைத்தது. ரோமில் புதைக்கப்படாமல் மேலேயே நின்ற கோவில்கள் எத்தனையோ பரோக் காலத்தில் சுண்ணாம்பும் தங்கப்பூச்சுமாக ஆளே மாறிப்போய்விட்டன. சான் கிளெமெந்தேவின் மேல்தளத்துக்கும் 18ஆம் நூற்றாண்டில் தங்கமும் ஓவியமுமாக ஒரு விதானம் மாட்டத்தான் செய்தார்கள் (என் கண்ணுக்கு அது அந்தக் கோவிலோடு ஒட்டவே இல்லை). கீழே யாராலும் கை வைக்க முடியவில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். கீழ்க்கோவிலின் நடுக்கூடத்துச் சுவரில், 11ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகை ஒன்று சான் கிளெமெந்தேவைப் பற்றி எழுதினால் முதல் வரியே இதைப் பற்றித்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. கதை இதுதான். சிசின்னியஸ் என்று ஒரு ரோமானியப் பிரபு. அவன் மனைவி தியோதோரா கிறிஸ்தவளாகி, போப் கிளமெண்ட் நடத்தும் பூசைக்கு ரகசியமாகப் போய்வருகிறாள். சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போன புருஷனுக்குக் கோவிலுக்குள் கண்ணும் தெரியவில்லை காதும் கேட்கவில்லை. வீடு தேடி வந்து அவனைக் குணப்படுத்துகிறார் கிளமெண்ட். நன்றி சொல்வதற்குப் பதிலாக, இவன் மந்திரவாதி, கட்டி இழுத்துப் போங்கள் என்று வேலைக்காரர்களுக்கு உத்தரவு போடுகிறான் அவன். அவர்களோ மதி மயங்கி, கிளமெண்டைக் கட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு கல்தூணைக் கட்டி இழுக்கிறார்கள்.

ஓவியத்தின் கீழ்ப்பகுதியில் இந்தக் கட்டம்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஆள் பக்கத்திலும் அவன் பேசுவது எழுதப்பட்டிருக்கிறது, இன்றைக்குப் படக்கதைகளில் போடுகிற மாதிரியே. கிளமெண்டின் வாக்கு மட்டும் லத்தீன்: உங்கள் நெஞ்சு கல்லாகிப் போனதால் கல்லை இழுக்கும் தகுதிதான் உங்களுக்குக் கிடைத்தது. சிசின்னியஸ் பேசுவது லத்தீன் இல்லை. அன்றைக்கு ரோம் தெருவில் பேசிய பேச்சு. "கோஸ்மாரி, அல்பெர்த்தெல், இழுங்கடா! கார்வொன்செல்லே, கம்பை எடுத்துக்கிட்டு நீ பின்னாடி போ!" என்று கத்துகிறான். அதற்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது, அதில் வேலைக்காரர்களை அவர்கள் தாயைச் சேர்த்துத் திட்டுகிறான், நம் தெருச் சண்டைகளில் முதலாவதாக வந்து விழும் அதே வசவு. அதை நான் எழுதினால் நீங்கள் எப்படியும் வெட்டிவிடுவீர்கள். இத்தாலிய மொழி எழுத்தில் ஏறிய மிகப் பழைய இடங்களில் ஒன்று இது. மொழி வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் இந்தச் சுவரிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ் என்று இரண்டோடும் வாழ்கிற நமக்கு இந்த ஓவியம் புரிகிற மாதிரி வேறு யாருக்குப் புரியும்? புனிதர் எழுத்து மொழியில் பேசுகிறார், முரடன் கொச்சையில் கத்துகிறான், பார்க்கிறவனுக்கு யார் எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடுகிறது. நம் பழைய சினிமா வசனம் எழுதியவர்களுக்கு இந்த வித்தை தெரியும். ஆனால் ஓவியம் வரைந்தவன் ரசித்து ரசித்து எழுதியது அந்தக் கொச்சையைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதில்தான் உயிர் இருக்கிறது.

இந்த ஓவியத்துக்குப் பணம் கொடுத்தவர் பேனோ தெ ராபிட்சா என்ற ஒரு குடும்பஸ்தர், மனைவி பெயர் மரியா. இவர்கள் பிள்ளைகளோடு நிற்கும் படம் முன்கூடத்தில் இருக்கிறது. அதற்கு மேலே வேறொரு அற்புதம் தீட்டப்பட்டிருக்கிறது. கிளமெண்டைக் கிரிமியாவுக்கு நாடு கடத்தி, கழுத்தில் நங்கூரத்தைக் கட்டிக் கருங்கடலில் தள்ளினார்கள் என்பது மரபுக்கதை. கடலுக்கடியில் அவருடைய கல்லறை, வருடத்தில் ஒரு நாள் கடல் உள்வாங்கி வழி விடும். ஒரு வருடம் ஒரு தாய் பிள்ளையை அங்கேயே தவறவிட்டுவிடுகிறாள், கடல் மூடிக்கொள்கிறது, அடுத்த வருடம் போனால் பிள்ளை உயிரோடு இருக்கிறது. தாய் குனிந்து பிள்ளையைத் தூக்குகிறாள், கல்லறையைச் சுற்றி மீன்கள் நீந்துகின்றன. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அந்தத் தாய் குனிகிற வேகத்தைப் பாருங்கள், நான் அதை நம்புகிறேன்.

கிளமெண்டின் எலும்புகள் என்று கருதப்பட்டவற்றைக் கருங்கடல் கரையிலிருந்து ரோமுக்குக் கொண்டுவந்தவர் புனித சிரில். ஸ்லாவிய மக்களின் பேச்சுக்கு முதல் எழுத்து அமைத்தவர், ரஷ்யர்களும் பல்கேரியர்களும் எழுதுகிற சிரில்லிக் எழுத்துக்கு அவர் பெயர்தான். 869இல் ரோமிலேயே இறந்த அவரை அடக்கம் செய்ததும் இந்தக் கோவிலில்தான். கீழ்க்கோவிலில் அவர் இடத்தைச் சுற்றி ஸ்லாவிய நாட்டுக்காரர்கள் பதித்த நன்றிக் கல்வெட்டுகள் நிறைய இருக்கின்றன. பேசும் மொழிக்கு எழுத்துக் கொடுத்தவர் படுத்த இடத்திலேயே, இருநூறு வருடம் கழித்து ஒருவன் தெருப் பேச்சைச் சுவரில் எழுதிவைத்தான். திட்டமிட்டு அமைந்ததில்லை. ஆனாலும் நினைத்துப் பார்க்கச் சுகமாக இருக்கிறது.

மித்ரா அறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். குகை மாதிரி வளைந்த கூரை, இரண்டு பக்கமும் உட்காரக் கல் திண்ணை, நடுவில் மித்ரா காளையை வெட்டும் காட்சி செதுக்கிய பலிபீடம். பெயர் நம் காதுக்குப் புதிதில்லை, வேதத்து மித்திரனுக்கும் இந்த மித்ராவுக்கும் வேர் ஒன்றுதான். இன்னொன்று, கோவிலில் பாதிரியாராக இருந்த ஒருவரின் பெயர் மெர்க்கூரியுஸ். 533இல் போப் ஆனதும், போப்புக்கு ரோமானியத் தெய்வத்தின் பெயரா என்று யோசித்து இரண்டாம் யோவான் என்று மாற்றிக்கொண்டார், போப்புகள் பெயர் மாற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கு முதல் ஆள் அவர்தான். அவர் கொடுத்த வெள்ளைப் பளிங்குப் பலகைகளைத்தான் 12ஆம் நூற்றாண்டில் கீழேயிருந்து எடுத்துவந்து மேல்கோவிலின் பாடகர் பகுதிக்கு மறுபடி பொருத்தினார்கள். அவர் முத்திரை இன்னும் அதில் இருக்கிறது. ஆக, நீங்கள் 12ஆம் நூற்றாண்டு என்று எழுதிய மேல்தளத்திலேயே 6ஆம் நூற்றாண்டு நடுக்கூடத்தில் நிற்கிறது.

அந்த மொசைக்கையும் நீங்கள் வெறும் அழகு என்று விட்டுவிட்டீர்கள். நடுவில் சிலுவை, அதில் இயேசுவோடு பன்னிரண்டு வெள்ளைப் புறாக்கள். சிலுவையின் அடியில் ஒரு செடி முளைத்து, அதன் கொடிகள் சுருள் சுருளாக அரைக்கோளக் கூரை முழுக்கப் படர்கின்றன. சிலுவையில் சாவைக் காட்டாமல் துளிரைக் காட்டுகிற படம் இது. கீழே இரண்டு மான்கள் தண்ணீர் குடிக்கின்றன. சுருள்களுக்கு இடையே திருச்சபையின் பெரிய அறிஞர்கள் உட்கார்ந்து எழுதுகிறார்கள், சரி. ஆனால் அவர்களுக்குக் கீழே ஒரு பெண் கோழிகளுக்குத் தீனி போடுகிறாள் பாருங்கள், அவளைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. விளிம்பில் ஓடும் லத்தீன் வரிகள் திருச்சபையை இந்தக் கொடிக்கு ஒப்பிடுகின்றன, பழைய ஏற்பாட்டுச் சட்டம் அதை வாடவைக்கிறது, சிலுவை அதைத் தழைக்கவைக்கிறது என்று. இயேசு அறையப்பட்ட நிஜச் சிலுவையின் மரத்துண்டும் புனித யாக்கோபின் பல்லும் இந்த மொசைக்கின் கிறிஸ்து உடலுக்குள்ளேயே வைத்துப் பூசப்பட்டிருப்பதாகவும் அதே எழுத்து சொல்கிறது. வெறும் அலங்காரமாக அதைச் செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வாசலுக்குப் பக்கத்துச் சிற்றாலயத்தில் 15ஆம் நூற்றாண்டு ஓவியர் மசோலினோ வரைந்த புனித கேத்தரின் ஓவியங்களையும் கட்டுரை விட்டுவிட்டது, அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. கீழே இறங்க இறங்கத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். மித்ரா அறையைக் கண்டுபிடித்த பிறகும் பல வருடங்கள் அது தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. அந்த அயர்லாந்துத் துறவிகள் 1912இல் ஆரம்பித்து இரண்டு வருடத்தில் சுமார் 700 மீட்டருக்கு ஒரு சுரங்க வாய்க்கால் வெட்டி, பழங்கால ரோமர்களின் பெருஞ்சாக்கடையான குளோவாக்கா மாக்சிமாவோடு சேர்த்த பிறகுதான் ஈரம் வடிந்தது. அந்த வாய்க்கால் இல்லை என்றால் நான் மேலே எழுதியதில் பாதியை நான் பார்த்திருக்கவே முடியாது.

கட்டுரையாளரைக் கோபித்துக்கொள்ள இதை எழுதவில்லை. ரோமில் நூற்றுக்கணக்கான கோவில்கள், எல்லாவற்றுக்கும் இடம் எங்கே போவது. ஆனால் இந்த ஒன்றுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள், சிசின்னியஸ் ஓவியத்தின் படத்தோடு. படத்துக்குக் கீழே அவன் பேச்சை அப்படியே தமிழில் போடுங்கள். முதல் வார்த்தைக்குப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை, கோவில் சுவரில் அது முழுசாகவே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்